பதில் வராத பதினேழு நிமிடம்

கோடு நேராக இருந்தது.

குணாளன் மவுஸை நகர்த்தி அந்தக் கோட்டின் ஒரு முனையில் வைத்தான். காலை ஒன்பது நாற்பத்திரண்டு, நீர்மட்டம் அறுபத்தொரு விழுக்காடு. மறுமுனைக்குக் கொண்டுபோனான். ஒன்பது ஐம்பத்தொன்பது, அறுபத்தொரு விழுக்காடு. நடுவில் எங்கே வைத்தாலும் அதே அறுபத்தொன்றுதான். அதற்கு முன்னால் இருந்த கோடு அப்படியில்லை. ஐம்பத்தொன்பதுக்கு இறங்கி, அறுபத்துமூன்றுக்கு ஏறி, கை நடுங்குகிறவர் போட்ட கோடு மாதிரி வந்துகொண்டிருந்தது. கொதிக்கிற பாயிலருக்குள் இருக்கும் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். இருபது வருடமாக ஆலை ஆலையாகப் போய் அளவுக் கருவிகள் பார்க்கிறவனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கிற தண்ணீர் எந்தப் பாயிலரிலும் கிடையாது.

போன வியாழக்கிழமை அந்தப் பதினேழு நிமிடத்தில் தண்ணீர் அனுப்பும் பம்பு நின்றுபோயிருந்தது. உள்ளே தண்ணீர் வற்றி, குழாய்கள் சிவக்கக் காய்ந்து, பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் ஒன்று வெடித்தது. அடுப்பு வாசலைத் திறந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்த பாயிலர்மேன் நல்லசாமியின் மேல் ஆவியும் தணலும் ஒன்றாகப் பாய்ந்தன. ஐந்து நாளாக அவர் செரம்பான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஐந்து நாளாகப் பகாவ் ஊரைத் தாண்டியிருக்கும் இந்தச் செம்பனை எண்ணெய் ஆலை நின்று கிடக்கிறது. வெட்டிய குலைகள் வாசலில் மலையாகக் குவிந்து புளித்துப்போய், அந்த வாடை குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் வந்து மூக்கில் ஏறியது. வழக்கமாகக் காதை அடைக்கும் இடத்தில் ஈயின் சத்தம் கேட்டது.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. நீலாயில் இருக்கும் முதலாளி பிரேமநாதன். ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி அவருடையது. பழைய ஆலைகளில் இருக்கும் பழைய கருவிகளைப் புதிய கண்காணிப்பு மென்பொருளோடு இணைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில்.

"குணா, மில்லுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் பாஸ்."

"புது வெர்ஷன போட்ருங்க. பதினோரு மணிக்கு விசாரணைக்கு ஆபிசர் வர்றாங்க. பழைய ரெக்கார்ட் எதுவும் உள்ள இருக்க வேணாம். அப்டேட் பண்றப்ப போயிருச்சின்னு நான் பேசிக்கிறேன்."

"பாஸ், அந்த லாக்குல என்னா இருக்குன்னா..."

"என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க பாக்காதீங்க. பாக்கலன்னா உங்களுக்கு ஒன்னும் தெரியாது. சரியா?"

சரியென்று குணாளன் சொன்னான். ஆனால் அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். பார்ப்பதற்கு முன்பே, வியாழக்கிழமை மதியம் செய்தி காதில் விழுந்த அந்த நொடியிலேயே, அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன் அவன் முதன்முதலாக இந்த ஆலைக்கு வந்தபோது, பாயிலரின் பக்கவாட்டில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி திருகி வைக்கப்பட்டிருந்தது. நீர்மட்டத்தை அளக்கும் கருவி. முப்பது வருடப் பழசு. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, கையேடு கரையான் தின்றுவிட்டது. வெளியுலகோடு பேச அதற்கு இருந்தது இரண்டே இரண்டு கம்பி. அந்தக் கம்பி வழியே கேள்வி அனுப்பினால் பதில் அனுப்பும், கேட்காவிட்டால் ஊமை. எந்த வேகத்தில் கேட்க வேண்டும், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதன் நினைவில் எந்த அறையில் நீர்மட்டம் இருக்கிறது, எதுவும் யாருக்கும் தெரியவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பாயிலர் சூட்டில் சட்டை ஒட்டிப்போக, மூன்று நாள் அவன் அதோடு மல்லுக்கட்டினான். அந்த மூன்று நாளும் கூட நின்றவர் நல்லசாமிதான். ஐம்பத்தெட்டு வயது. அந்தப் பாயிலரோடே இருபத்தாறு வருடம். கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நின்று, வாக்கிடாக்கியில் மட்டத்தைக் கத்துவார். மூன்றாம் நாள் சாயங்காலம் "அறுவத்திநாலு!" என்று அவர் கத்தியதும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அறுபத்துநாலு வந்து நின்றது. குணாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேசிருச்சி ண்ணே!" என்று அவனும் கத்தினான். அன்றைக்கு இரண்டு பேரும் வெளியே கடையில் மீகோரிங் சாப்பிட்டார்கள். "இத்தன வருசமா என்கிட்ட ஒரு வார்த்த பேசல, ஒங்கிட்ட மூனே நாள்ல பேசிருச்சே லா," என்று நல்லசாமி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரமே தொல்லை தொடங்கியது. பெட்டியிலிருந்து வரும் கம்பியை, புகை இழுக்கும் பெரிய காற்றாடியின் மின்கம்பி போகும் அதே தட்டில்தான் இழுத்திருந்தார்கள். தனி வழி போட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. காற்றாடி ஓடத் தொடங்கினால் கம்பியில் இரைச்சல் புகுந்துகொள்ளும். கேள்வி போகும், பதில் வராது. பத்து வினாடி, இருபது வினாடி. உடனே திரையில் எண் மறைந்து சிவப்புப் பெட்டி துடிக்கும், சங்கு அலறும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. ஆலை மேலாளர் சுகுமாறன் ஒருநாள் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். "இது என்னா லா, ஆம்புலன்ஸா? பழைய பொட்டி மட்டும் இருந்தப்ப நிம்மதியா இருந்தோம். இத நிறுத்துறியா, இல்ல பிடுங்கிப் போட்டுறவா?"

மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு. குணாளன் அதில் குறி போட்டான். சங்கு நின்றது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். நல்ல உறை போட்ட கம்பி வாங்கித் தனி வழியில் இழுக்கும் வரைக்கும், இரண்டு மூன்று நாளைக்கு என்றுதான் நினைத்தான். கம்பி கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் போட்டான். அடுத்த கட்ட வேலையில் பார்க்கலாம் என்று பிரேமநாதன் பதில் போட்டார். அடுத்த கட்டம் வரவேயில்லை. அவனும் வேறு ஆலைகளுக்குப் போய்விட்டான். எண் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று காட்ட, அதன் மூலையில் மிளகளவு பச்சைப் புள்ளி ஒன்று இருந்தது. பதில் நின்றால் அது சாம்பல் நிறமாகும். அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் குறி போட்டதைச் சொல்ல வேண்டிவரும்.

திரை வந்த பிறகு பாயிலருக்கு ஒரு ஷிப்டில் இரண்டு பேர் எதற்கு என்று ஒருவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கண்ணாடிக் குழாய் பழுப்பேறி மங்கியது, மாற்றவில்லை. தண்ணீர் குறைந்தால் தானாக அலற வேண்டிய மிதவையில் உப்புப் படிந்து இறுகிக் கிடந்தது. அதெல்லாம் வேறு ஆட்களின் தவறுகள். வெள்ளியும் சனியும் ஞாயிறும் குணாளன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்து மனத்தை ஆற்றிக்கொள்ள முயன்றான். கடைசியில் ஒவ்வொரு முறையும் தன் கைப்பேசியிடம்தான் வந்து நின்றான்.

அதில் மூன்று வாரத்துக்கு முன் நல்லசாமி அனுப்பிய ஒரு படம் இருந்தது. திரையைக் கோணலாகப் பிடித்த படம். கூடவே குரல். "தம்பி, நம்பரு ரொம்ப நேரமா ஆடாம நிக்கிதே. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஒருக்கா வந்து பாக்குறியா?" அப்போது அவன் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஏணி மேல் நின்றிருந்தான். ஒரு கையாலேயே பதில் தட்டினான். லைன் ஸ்லோ ண்ணே, ஒன்னும் இல்ல. பக்கத்தில் கட்டைவிரல் படம் ஒன்று.

இப்போது மணி எட்டேமுக்கால். குணாளன் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கணினியில் செருகினான். புது வெர்ஷன் ஓடத் தொடங்கி, பழைய பதிவுகளை நீக்கவா என்று கேட்டு நின்றது. ஆம், இல்லை. விரல் மவுஸின் மேல் இருந்தது. காலையில் கிளம்பும்போது மனைவி மாதவி வாசல் வரை வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்களா எதுவும் வாயத் தொறக்காதீங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க. நமக்கு யாரு இருக்கா?" என்றாள். அவள் எல்லாவற்றையும் அறிந்திருந்தாள். சனிக்கிழமை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவன் அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள்.

அவன் மவுஸை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் வந்தபோது பாயிலர் எதிரில் நின்றது. மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். திறந்த அடுப்பு வாசலுக்கு முன்னால், ஈரச் சாம்பலில் பாதி புதைந்து, நல்லசாமியின் நீளமான சாம்பல் வாரி கிடந்தது. அதன் பிடி கருகியிருந்தது. தூங்குகிறவன் கையில் வாரி எதற்கு? வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்றுதான் ஆலை எழுதிக் கொடுத்திருந்தது. தோட்ட லய வீடுகளில், பகாவ் பாசாரில், அவர் குடும்பம் கும்பிடும் கோயிலில், எல்லா இடத்திலும் இந்த ஐந்து நாளில் அந்தப் பேச்சுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். நீக்கவா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, இணைப்புப் பதிவு என்ற கோப்பைத் திறந்தான். இரண்டு வினாடிக்கு ஒரு வரி. ஒன்பது நாற்பத்திரண்டு, கேள்வி அனுப்பப்பட்டது, பதில் இல்லை. கேள்வி அனுப்பப்பட்டது, பதில் இல்லை. கீழே இழுத்துக்கொண்டே போனான். ஐந்நூறு வரிக்கு மேல் இருந்தது. ஐந்நூறு தடவை அந்த மென்பொருள் கேட்டிருக்கிறது, ஐந்நூறு தடவையும் பெட்டி வாயே திறக்கவில்லை, ஐந்நூறு தடவையும் திரை அறுபத்தொன்று என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் மேலே, ஏழு மாதம் முந்திய தேதியில், கடைசி எண்ணைக் காட்டச் சொல்லி அமைத்தவர் யார் என்ற இடத்தில் ஒரு பெயர். குணா.

கதவு திறந்தது. சுகுமாறன். சவரம் செய்யாத முகம், நேற்றுப் போட்ட சட்டை.

"முடிஞ்சிதா?"

"இல்ல சார்."

"பிரேமநாதன் சொல்லிட்டாருல்ல?" அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு குணா. நல்லசாமி வயசான ஆளு. தூங்கிட்டாருன்னு எழுதுனா அவர யாரும் ஜெயில்ல தூக்கிப் போட மாட்டாங்க. பாவம்னு விட்ருவாங்க. உன்ன விடுவாங்களா? என்ன விடுவாங்களா? நமக்குப் புள்ளைங்க இருக்கு லா."

அவர் சொன்னதில் கொடூரம் எதுவும் தெரியவில்லை. அதுதான் குணாளனைப் பயமுறுத்தியது. கணக்குப் போட்டால் அது சரியாகத்தான் வந்தது. படுக்கையில் கிடக்கும் ஒருவர் மேல் இன்னும் ஒரு பழி, அவ்வளவுதான். அவர் எழுந்து வருவாரா என்றே தெரியவில்லை.

"அவரு தூங்கல சார்," என்றான்.

"உனக்கு எப்புடித் தெரியும்? நீ பாத்தியா?"

"சாம்பல் வாரிக்கிட்டு இருந்தாரு."

"நான் அத கேக்கல." சுகுமாறன் கைகளைக் கூப்பினார். "நான் உன்கிட்ட கெஞ்சுறேன் லா."

குணாளன் திரையைப் பார்த்தான். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கத் தன்னை விடாமல், இல்லை என்ற இடத்தை அழுத்தினான். பென்டிரைவைப் பிடுங்கினான். சுகுமாறன் எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அதிகாரி சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு மலாய்ப் பெண், தூடோங் முக்காட்டின் மேல் வெள்ளைத் தலைக்கவசம். பாயிலரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, அன்றைய பதிவைக் காட்டச் சொன்னார். குணாளன் காட்டினான். நேர்கோட்டைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. இது ஏன் இப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அவன் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினான். தன் மலாய் தடுமாறுவது அவனுக்கே கேட்டது. இருபது வருடமாகச் சரளமாகப் பேசிய பாஷை. அதிகாரி கடைசி வரி வரை படித்தார்.

"இதை இப்படி அமைத்தது யார்?"

"நான்தான்."

நீங்கள் சொல்வது எழுத்தில் ஏறும், புரிகிறதா என்று அவர் நிதானமாகக் கேட்டார். அந்த நிதானத்தில் லேசாக இரக்கம் இருந்ததுபோல் பட்டது, அது அவனுக்குத் தாங்கவில்லை. புரிகிறது என்றான். கைப்பேசியில் இருந்த நல்லசாமியின் படத்தையும் குரலையும், தன் பதிலையும் அவர் முன்னால் வைத்தான். வைத்த கைப்பேசி உடனே அதிர்ந்தது. பிரேமநாதன் பெயர் வந்தது. அது மேசையின் விளிம்பு வரை நகர்ந்து நகர்ந்து போய் அடங்கியது. யாரும் அதைத் தொடவில்லை.

எழுதி, கையெழுத்துப் போட்டு முடிக்க இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. சொல்லிவிட்டால் நெஞ்சுக் கனம் இறங்கும் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது அவனுக்கு. இறங்கவில்லை. செரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கோலப்பிலாவைத் தாண்டி புக்கிட் பூத்தூஸ் மலையேறும்போது வண்டியை ஓரங்கட்டி நின்றான். இதுவரை சொன்னதெல்லாம் முகம் தெரியாத ஒருவரிடம். சொல்ல வேண்டியவர் இன்னும் மிச்சம் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே நல்லசாமியின் மனைவி புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளில் முகம் பாதியாகியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தம்பி. மில்லுலேர்ந்து நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "தூங்கிட்டாருன்னு சொல்றாங்களே, அதக்கூட இவரு பெருசா எடுத்துக்கல. என் கண்ணு போயிருச்சி புள்ள, நம்பர தப்பா பாத்துட்டேன், நானே என்ன கொன்னுக்கிட்டேன்னு முனகிக்கிட்டே இருக்காரு. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாரு."

அவரோடு உள்ளே போனான். நல்லசாமி தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தார். ஒரு கண்ணும் வாயும் மட்டும் வெளியே. அந்தக் கண் அவனைத் தேடிப் பிடித்தது.

"குணாவா?" குரல் காற்றாக வந்தது. "அறுவத்தொன்னுதான் பாத்தேன் தம்பி. மூனு தடவ பாத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பாத்தேன். பொறவுதான் சாம்பல் வாரப் போனேன். எப்புடி தப்பாப் போச்சின்னு தெரியலியே."

"நீங்க சரியாத்தாண்ணே பாத்தீங்க. அறுவத்தொன்னுதான் இருந்திச்சி." குணாளன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பொட்டியிலேர்ந்து பதில் வரல. தண்ணி இறங்குனது ஸ்க்ரீனுக்குத் தெரியல."

"பதில் வரலன்னா நம்பரு எங்கேர்ந்து வந்திச்சி?"

"கடைசியா வந்தத காட்டச் சொல்லி வச்சிருந்திச்சி."

"யாரு வச்சது?"

"நான்தாண்ணே."

பக்கத்துக் கட்டிலில் ஏதோ ஒரு கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. புஷ்பவள்ளி கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, மறுபடி பிரித்தார்.

"நான் போட்டோ அனுப்புனேனே," என்றார் நல்லசாமி.

"ஆமாண்ணே."

"ஒன்னும் இல்லன்னியே."

அந்த ஒற்றைக் கண் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. அதில் கோபம் இருந்திருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பான். நம்பிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மாதிரியான ஒரு பார்வை அது. பிறகு நல்லசாமி, உடம்பில் ஒவ்வொரு இடமாக வலி ஏறி இறங்குவது தெரிய, கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி," என்றார் புஷ்பவள்ளி. அவர் குரலில் எதுவுமே இல்லை.

வெளியே வந்தான். தாழ்வாரத்தில் பார்வை நேரம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். லிப்டை நோக்கி நடந்தான். நீலச் சீருடை போட்ட ஒரு துப்புரவுக்காரப் பெண் தரையைத் துடைத்தபடி எதிரே வந்தாள். அவன் காலணியைப் பார்த்தாள். அப்போதுதான் அவனும் பார்த்தான். ஆலைச் செம்மண்ணும் சாம்பலும் அப்பிய காலணி. லிப்டிலிருந்து வார்டு வரைக்கும், வார்டிலிருந்து இங்கே வரைக்கும், பளபளத்த தரை முழுக்க அவன் தடம்.

"தம்பி!"

வார்டுக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி புஷ்பவள்ளி நின்றிருந்தார்.

"உங்கள கூப்புடுறாரு."

"எதுக்குக்கா?"

"தெரியல. செவுத்தப் பாத்துக்கிட்டேதான் கூப்புடச் சொன்னாரு."

பின்னால் லிப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. துப்புரவுக்காரப் பெண் துடைப்பத்தின் கட்டையை மார்பில் சாய்த்துக்கொண்டு, அவன் கால் எந்தப் பக்கம் எடுத்து வைக்கும் என்று பார்த்தபடி, ஈரத் தரைக்கு நடுவில் காத்து நின்றாள்.